குரூஸ் போகிற வழியில் கடற்கரைக் கல்யாணம்: தாலியை எங்கே கட்டுவது?

ஃப்ளோரிடாவில் கப்பல் ஏறி, கரீபியன் தீவு ஒன்றில் இறங்கி, கடற்கரையில் தாலி கட்டிவிட்டு, சாயங்காலம் அதே கப்பலில் திரும்ப ஏறிவிடுவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மண்டபம் பிடிக்க வேண்டாம், வந்தவர்களுக்கு ஓட்டல் தேட வேண்டாம், மூன்று வேளைச் சாப்பாட்டைக் கப்பல் பார்த்துக்கொள்ளும், தேன்நிலவும் அதிலேயே அடங்கிவிடும். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிற குடும்பத்துக்குக் கணக்குப் போட்டாலும் கட்டுப்படியாகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கப்பல் யாருக்காகவும் நிற்காது. தீவில் கிடைப்பது பெரும்பாலும் எட்டு முதல் பத்து மணி நேரம். காற்று பலமாக அடித்தால் அந்தத் தீவுக்கே போகாமல் கேப்டன் கப்பலைத் திருப்பிவிடலாம். டிக்கெட் வாங்கும்போதே அதற்கு நாம் சம்மதித்திருக்கிறோம். துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்பி வரும். கரையில் பூக்காரருக்கும் போட்டோகிராஃபருக்கும் கொடுத்த முன்பணத்துக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்காது. ஆகவே எந்தக் கடற்கரை அழகு என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். ‘அன்றைக்குக் கப்பல் அங்கே போகாவிட்டால் இந்தக் கல்யாணம் என்ன ஆகும்?’ இந்தக் கேள்வியை வைத்தே கீழே உள்ள வழிகளை எடை போட்டிருக்கிறேன்.

முதலில் கேப்டன் விஷயத்தை முடித்துவிடுவோம். கப்பல் கேப்டன் யாருக்கு வேண்டுமானாலும் கல்யாணம் செய்து வைக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தால்தான் கேப்டனுக்கு அந்த அதிகாரம் உண்டு. பெர்முடாவும் மால்டாவும் அனுமதிக்கின்றன. குனார்ட் நிறுவனம் தலைமுறை தலைமுறையாக பிரிட்டனில் பதிந்து வைத்திருந்த கப்பல்களை 2011இல் பெர்முடாவுக்கு மாற்றியதற்குச் சொன்ன காரணங்களில் நடுக்கடல் கல்யாண வியாபாரமும் ஒன்று. பிரின்சஸ் கப்பல்களில் பெர்முடா பதிவையும் செலிப்ரிட்டி கப்பல்களில் மால்டா பதிவையும் வைத்து கேப்டன்கள் கல்யாணம் நடத்தி வைக்கிறார்கள். விண்ணப்பத்தைச் சில வாரங்கள் முன்னதாகவே அனுப்ப வேண்டும். கல்யாணம் கப்பல் கடலில் இருக்கிற நாளில் நடக்கும். சான்றிதழ் அந்தந்த நாட்டிலிருந்து வரும்.

இந்த வழியில் தீவுக்குப் போகிற பிரச்சினையே இல்லை, அதனால் ஏமாற்றமும் இல்லை. ஆனால் மணல் இல்லை, ஓமம் கிடையவே கிடையாது. மெழுகுவர்த்தி, ஊதுபத்தி முதற்கொண்டு கப்பலில் தடை. சாம்பிராணிக்கே இடமில்லாத இடத்தில் அக்னியைச் சாட்சி வைக்க வழியில்லை. மோதிரம் மாற்றி, மாலை மாற்றி, தாலி கட்டினால் போதும் என்பவர்களுக்குச் சரி. வீட்டில் ஒருவராவது ‘அக்னி வலம் வராமல் என்ன கல்யாணம்’ என்று கேட்பார் என்றால் இந்த வழியை இப்போதே விட்டுவிடலாம்.

அடுத்தது, கப்பல் கிளம்புகிற நாளில் துறைமுகத்தில் நிற்கும்போதே உள்ளே கல்யாணம். பயணத்துக்கு வராத விருந்தினர்களும் பெயர்ப்பட்டியல் முன்கூட்டிக் கொடுத்திருந்தால் உள்ளே வந்து, வாழ்த்திவிட்டு, கப்பல் கிளம்பும் முன் இறங்கிவிடலாம். உள்ளூர் மாநிலச் சட்டப்படி நடப்பதால் சான்றிதழிலும் சிக்கல் இல்லை. மற்றபடி, ஓட்டல் ஹாலில் நடக்கிற கல்யாணத்துக்கும் இதற்கும் வித்தியாசம் ஜன்னல் வழியாகத் தெரிகிற கிரேன்கள் மட்டும்தான்.

இனி தீவுகள். மக்கள் கனவு காண்பது இதைத்தான்.

எல்லாத் தீவிலும் ஒரே நாளில் இறங்கிச் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. மெக்சிகோவின் கொசுமெல் நல்ல உதாரணம். அங்கே சிவில் பதிவு அதிகாரி முன் நடப்பது மட்டுமே சட்டப்படி திருமணம். அதற்குப் பிறப்புச் சான்றிதழை ஸ்பானிஷில் மொழிபெயர்ப்பது, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கு அரசு தருகிற அப்போஸ்டில் முத்திரை, சாட்சிகள் என்று வேலை நீளும். பகல் முழுக்க ஊரில் இருந்தாலும் தீராத வேலை இது. கப்பலில் வருகிற ஜோடிகள் அதனால்தான் அங்கே சடங்கை மட்டும் செய்துவிட்டுப் போகிறார்கள். செயின்ட் மார்ட்டின் தீவின் பிரெஞ்சுப் பகுதியில், மணமக்களில் ஒருவருக்காவது அந்த ஊரோடு ஒரு மாதத் தொடர்பு வேண்டும் என்கிற பிரான்ஸ் நாட்டு விதி. அதைப் பேசிப் பயனில்லை. பஹாமாஸில் கல்யாண லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன் 24 மணி நேரம் அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கப்பல் நிறுவனங்களின் சொந்தத் தீவுகள், கோகோகே, காஸ்ட்அவே கே, ஓஷன் கே எல்லாம், பஹாமாஸுக்குள்தான் வருகின்றன. அங்கே சட்டப்படியான கல்யாணம் வேண்டுமானால் கப்பல் நிறுவனத்தின் திருமணப் பிரிவு வழியாகவே போங்கள். எந்த ஆவணம், யார் கையெழுத்து, சான்றிதழ் எப்போது கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்தத் தீவுகளில் ஒரு சௌகரியம் உண்டு: எல்லாமே கப்பல்காரர்கள் கையில். கப்பல் தாமதமானால் கல்யாணமும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். உங்களை விட்டுவிட்டுக் கப்பல் போகாது. ஆனால் காற்று அடிக்கிற நாளில் முதலில் கைவிடப்படுவதும் இந்தக் குட்டித் தீவுகள்தான்.

கிராண்ட் கேமன் சட்டப்படி சுலபம். வெளிநாட்டவருக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. கப்பலில் வந்திறங்கிய அன்றே லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்துகொள்ளலாம். செவன் மைல் பீச்சும் பெயருக்கேற்ற இடம்தான், தென்முனையில் மணல் அரித்துப் போயிருப்பது மட்டும் குறை. ஆனால் பெரிய கப்பல்கள் ஒட்டி நிற்க அங்கே துறைமேடை இல்லை. கப்பல் கடலில் நிற்க, டெண்டர் என்கிற சிறிய படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். கூறைப்புடவையோடு, அலையில் ஆடுகிற படகுக்குள் கால் வைக்கிற காட்சியை மணப்பெண் யோசித்துப் பார்க்கட்டும். சக்கர நாற்காலியில் வருகிற பாட்டியை அன்றைய அலையைப் பார்த்துவிட்டு ‘வேண்டாம்’ என்று ஊழியர்கள் சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று வந்தால் ஜார்ஜ் டவுனை விட்டுவிட்டு தெற்கே ஸ்பாட்ஸ் என்ற இடத்தில் இறக்குவார்கள், இல்லாவிட்டால் இறக்கவே மாட்டார்கள். சட்டத்தில் முழு மதிப்பெண் வாங்கும் தீவு என் கேள்வியில் இதனால்தான் பின்தங்குகிறது.

தீவில்தான் தாலி என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு என் முதல் தேர்வு செயின்ட் தாமஸ். 1917இல் டென்மார்க்கிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய விர்ஜின் தீவுகளில் ஒன்று. அமெரிக்க மண் என்பதால் சான்றிதழ் அமெரிக்கச் சான்றிதழ். மொழிபெயர்ப்பு வேண்டாம், டாலர்தான் பணம். ஹேவன்சைட், கிரவுன் பே என்ற இரண்டு இடங்களிலும் கப்பல் நேராகத் துறைமேடையில் ஒட்டி நிற்கும், டெண்டர் தொல்லை இல்லை. லைசென்ஸ் விண்ணப்பம் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எட்டு நாள் காத்திருப்பு உண்டு. அதை ஊரில் இருந்தபடியே முன்னதாக அனுப்பி முடித்துவிடலாம். ஆனால் கல்யாண நாளன்று இருவரும் நேரில் நீதிமன்றத்துக்குப் போய் லைசென்ஸை வாங்க வேண்டும். நீதிமன்றம் ஷார்லட் அமாலி நகருக்குள்ளேயே இருக்கிறது. வார நாளில் கப்பல் வருகிற பயணமாகத் தேர்ந்தெடுத்தால் தலைவலி குறையும்.

கடற்கரைக்கு மேகன்ஸ் பே. தீவின் வடபுறம், மலையைத் தாண்டிப் போக வேண்டும், அலை அதிகமில்லாத வளைகுடா. டாக்சி என்றால் பக்கவாட்டில் திறந்த, வரிசையாக பெஞ்சு போட்ட ‘சஃபாரி’ வண்டிகள். கட்டணம் தலைக்கு இவ்வளவு. முப்பது பேர் என்றால் இரண்டு வண்டிகளைப் போக வர முழுதாகப் பேசி வையுங்கள். தலைக்கணக்கில் விட்டால் திரும்பும்போது வண்டி நிரம்பக் காத்திருக்க வேண்டி வரும், அந்த நேரத்தில் கப்பல் மணி அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்துத் தீவான செயின்ட் ஜானில் இருக்கிற ட்ரங்க் பே இதைவிட அழகு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தேசியப் பூங்கா, பெர்மிட் வேண்டும். ரெட் ஹூக் வரை சாலைப் பயணம், அங்கிருந்து படகு. ஒரு பகலில் இரண்டு தடவை கடல் தாண்டுவது கப்பலில் வந்தவர்களுக்குச் சரிப்படாது. போட்டோவுக்காக அந்த ஆபத்தை நான் எடுக்க மாட்டேன்.

பொதுக் கடற்கரை என்பதையும் மறக்க வேண்டாம். தாலி கட்டுகிற நேரத்தில் பின்னால் நீச்சலுடையில் யாராவது கையசைத்தபடி போவார்கள். நாதஸ்வர ரெக்கார்டை அடக்கிவிட்டுக் காற்றின் சத்தம் மைக்கில் முன்னால் நிற்கும்.

இனி நம் வீட்டுக்கே உரிய கணக்கு: முகூர்த்தம். கப்பல் எட்டு மணிக்கு ஒட்டுகிறது என்றால், அதிகாலை முகூர்த்தம் என்கிற பேச்சே இல்லை. கிடைப்பது ஏறக்குறைய ஒன்பது முதல் மூன்று வரை. அதற்குள் ராகு காலம், எமகண்டம் இரண்டையும் தள்ள வேண்டும். ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். தை மாதம், புதன்கிழமை, செயின்ட் தாமஸ். நாள்காட்டிக்குப் பின்னால் அச்சிட்டிருக்கிற நேரம் சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்டது. அதன்படி புதனன்று எமகண்டம் 7:30 முதல் 9 வரை, ராகு காலம் 12 முதல் 1:30 வரை. ஆனால் ஜனவரி நடுவில் அந்தத் தீவில் சூரியன் உதிக்கவே கிட்டத்தட்ட ஏழு மணி. பகல் பொழுதை எட்டாகப் பிரித்துக் கணக்கிட்டால் எமகண்டம் முடிவது சுமார் 9:45க்கு, ராகு காலம் தொடங்குவது பன்னிரண்டரைக்கு. இடையில் பதினொன்று தாண்டியதும் குளிகை வந்துவிடும். குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்று கல்யாணத்துக்கு அதையும் ஒதுக்குகிற குடும்பங்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் கையில் இருப்பது 9:45 முதல் 11 வரை. கப்பலிலிருந்து இறங்கி, நீதிமன்றத்தில் நின்று, மலையேறி, மேகன்ஸ் பேயில் மேடை போட்டு உட்கார இது போதுமா? நெருக்கிப் பிடித்தால் போதும். யாராவது ஒருவர் காலை டிபனுக்கு உட்கார்ந்துவிட்டால் போதாது.

கடிகாரத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. குளிர்காலத்தில் செயின்ட் தாமஸ் நேரம் ஃப்ளோரிடாவைவிட ஒரு மணி முன்னால். சில கப்பல்கள் வழியில் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாமல் கப்பல் நேரத்திலேயே ஓடும். பயணத்திட்டத்தில் ‘8 மணி வருகை’ என்று இருப்பது கப்பல் நேரமானால் தீவில் அப்போது ஒன்பது. மேலே சொன்ன முகூர்த்தம் அங்கேயே கைநழுவிவிடும். கொசுமெல்லில் கோடைக் காலக் கணக்கு இல்லாததால் ஃப்ளோரிடாவிலிருந்து கோடையில் போகிறவர்களுக்கு இதே குழப்பம் எதிர்த்திசையில். கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றாமலும் இருக்கலாம். விருந்தினர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

மாதத் தேர்வில் நம் பஞ்சாங்கமும் கரீபியன் வானிலையும் ஓரளவு ஒத்துப்போகின்றன. புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆடியையும் புரட்டாசியையும் நாமே ஒதுக்கிவிடுகிறோம். இடையில் வருகிற ஆவணி நமக்கு நல்ல முகூர்த்த மாதம், அட்லாண்டிக் புயல்களுக்கும் அதுதான் உச்சக்கட்டம். ஆவணியில் முகூர்த்தம் குறித்துக் கொடுத்தால் தீவுக் கல்யாணம் வேண்டாம். தை, மாசி, பங்குனி நல்லது. பங்குனியில் அமெரிக்கப் பள்ளி விடுமுறை வந்து கேபின் விலை ஏறும்.

சரி, கடைசியாக, கேட்டால் பலருக்குச் சப்பென்று இருக்கிற, ஆனால் நான் முதலிடம் தருகிற வழி: கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள் ஃப்ளோரிடாக் கடற்கரையிலேயே கல்யாணம். கப்பல் கிளம்பும் துறைமுகம் போர்ட் எவர்கிளேட்ஸ் என்றால் ஃபோர்ட் லாடர்டேல் கடற்கரை, போர்ட் கனாவரல் என்றால் கோகோ பீச், மயாமி என்றால் சொல்லவே வேண்டாம். வெளிமாநிலத்தவருக்கு ஃப்ளோரிடாவில் லைசென்ஸ் வாங்கக் காத்திருப்பே இல்லை. ஃப்ளோரிடாவாசிகளுக்கு மட்டும் மூன்று நாள், அதுவும் திருமணத்துக்கு முந்தைய வகுப்பு ஒன்றை முடித்திருந்தால் இல்லை. லைசென்ஸ் 60 நாள் செல்லும், மாநிலத்தின் எந்தக் கடற்கரையிலும் பயன்படுத்தலாம். கோயில் சாஸ்திரிகள் நடத்தி வைக்கலாம். அந்த மாநிலத்தில் நோட்டரிக்கே திருமணம் நடத்தும் அதிகாரம் உண்டு. (டெக்சாஸில் கால்வெஸ்டனிலிருந்து கப்பல் ஏறுகிறவர்கள் கவனிக்க: அங்கே பொதுவாக லைசென்ஸ் வாங்கி 72 மணி நேரம் கழித்துத்தான் கல்யாணம்.) ஓமத்துக்கு நகராட்சியிடம் தீ மூட்ட அனுமதி கேட்க வேண்டும். தென்கிழக்குக் கரையில் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை கடலாமைகள் முட்டையிடுகிற காலம். இருட்டிய பிறகு விளக்கு போட்டு வரவேற்பு என்கிற திட்டம் மணலில் நடக்காது. காலை முகூர்த்தக்காரர்களான நமக்கு அது பெரிய நஷ்டமில்லை.

இதில் கப்பலுக்கும் கல்யாணத்துக்கும் உள்ள முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. எந்தத் தீவைக் கப்பல் தவிர்த்தாலும் தாலி ஏற்கெனவே கழுத்தில். கப்பலுக்கு வர முடியாத உறவினர்கள் கல்யாணத்துக்கு மட்டும் வந்து போகலாம். ஊரிலிருந்து வருகிற பெற்றோரின் விசா கப்பல் போகிற ஒவ்வொரு நாட்டுக்கும் செல்லுமா என்ற கவலையும் கல்யாணத்தைத் தொடாது. எச்1பி வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கிற மாப்பிள்ளையோ பெண்ணோ, பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி, ஐ-797 என்கிற ஒப்புதல் காகிதத்தை மட்டும் வைத்திருந்தால், குரூஸ் முடிந்து திரும்புவதும் வெளிநாட்டிலிருந்து நாட்டுக்குள் நுழைவதுதான் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் வக்கீலிடம் பேசியாக வேண்டும். முடியாது என்று வந்தால் குரூஸை மட்டும் விடலாம், முகூர்த்தம் நிற்கும்.

தீவில் தாலி கட்டிய நினைவு வேண்டும் என்கிறவர்கள் இரண்டையும் கலக்கலாம். சட்டப்படியான கையெழுத்தை உங்கள் ஊரிலோ ஃப்ளோரிடாவிலோ முன்னதாகப் போட்டுவிட்டு, மாலை, தாலி, அக்னி எல்லாம் தீவில். அப்போது செயின்ட் தாமஸில் நீதிமன்றம் போகிற நேரம் மிச்சம். கொசுமெல்லின் ஆவணத் தொல்லையும் இல்லை. கொசுமெல்லின் மேற்குக் கரையில் கடல் அமைதி, கடற்பாசி கிழக்குக் கரையைத்தான் அதிகம் மூடும். பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் நடக்கக்கூடியவர்கள், ஒரு தீவு தவறினால் அடுத்த தீவில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மனசு இருந்தால் இதுவே போதும். ஐம்பது பேர், அதில் பத்துப் பேர் எழுபது தாண்டியவர்கள் என்றால் ஃப்ளோரிடா. இரண்டே பேர், சடங்கில் பிடிப்பில்லை என்றால் கேப்டன்.

எந்த வழியானாலும் சில காரியங்கள் பொது. டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் கணவர் பெயரைச் சேர்க்கிற வேலையைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஒப்படைக்கிற பெட்டி கேபினுக்கு வந்து சேர இரவாகலாம்; கூறைப்புடவையும் தாலியும் கைப்பையில். கப்பலிலிருந்து பழம், பூ, தேங்காய் எதையும் தீவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். மாலையும் தேங்காயும் கரையில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். மல்லிகை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆர்க்கிட் மாலை கட்டத் தெரிந்தவர் கிடைத்தாலே பெரிய விஷயம். இந்தியாவில் காட்ட வேண்டிய சான்றிதழ் என்றால், எங்கே கல்யாணம் நடந்ததோ அந்த ஊர் அரசிடமே அப்போஸ்டில் வாங்க வேண்டும். அதற்கு யார், எத்தனை நாள் என்பதையும் பேக்கேஜ் பேசும்போதே கேளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால் கரையில் கட்டிய திருமணச் செலவுக்கு ஈடு உண்டா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் இருக்காது. கல்யாணத்துக்கென்று தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.